மூன்றாம் முறை கேட்டவர்

சுகந்தி இறந்த செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் அவருடைய பெயருக்கு அடுத்த வாரத்து வேலை நேரங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய் பத்து முதல் இரண்டு, வியாழன் பன்னிரண்டு முதல் நான்கு. அவர் ஐந்து நாட்களாக நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். பெயரை எடுத்துவிட்டால் நானே அவரை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அப்போது அவருடைய தம்பி ரமணன் அழைத்தார். "அண்ணை, அக்கா போயிட்டா." நான் மடையன் மாதிரி, "எங்கே, வேற வார்டுக்கா?" என்று கேட்டேன். அவர் விம்மத் தொடங்கினார். எனக்கு உறைத்ததும் கைப்பேசியைச் சுவரில் வீசினேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஆத்திரத்தில் எறிந்த முதல் பொருள் அது. சுகந்தி பார்த்திருந்தால், இப்பவாவது கோவம் வந்துதே என்று கைதட்டியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமும் வேண்டும். மெல்பேர்னில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் வெள்ளைப் பிள்ளைகளும் மற்ற நிறத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மதிப்பெண்ணோடுதான் உள்ளே வருகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நம் பிள்ளைகளின் மதிப்பெண் சறுக்கிவிடுகிறது. ஏன் என்று கேட்க ஒரு குழு போட்டார்கள். குழு ஓர் அறிக்கை போட்டது. அறிக்கை எங்களைப் போட்டது. அதாவது, சம்பளம் கொடுத்து சில மாணவர்களை 'மாணவர் தூதர்' என்று அமர்த்தி, சறுக்குகிற மாணவர்களிடம் பேசவைக்கும் திட்டம். அதை நடத்துவது என் வேலை. முப்பது தூதர்கள், எல்லோருக்கும் ஊதா நிறச் சட்டை. அவர்களில் மூத்தவர் சுகந்தி. நாற்பத்தொரு வயதில் செவிலியர் படிப்பில் சேர்ந்தவர், முல்லைத்தீவிலிருந்து வந்தவர், கிரான்பர்னில் தம்பி வீட்டில் இருந்தவர்.

நேர்முகத் தேர்வில், சக மாணவரோடு சண்டை வந்தால் எப்படிக் கையாள்வீர்கள் என்று அச்சடித்த கேள்வியைக் கேட்டேன். "ஆர் துவங்கினது எண்டதைப் பொறுத்தது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலை கிடைத்த பிறகு ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "தூதர் எண்டா நாடு விட்டு நாடு போறவை. நான் ரெண்டாம் மாடிக்குப் போறன்" என்று கிளம்பினார்.

பிரணவன் விஷயம் சிலருக்கு நினைவிருக்கும். பொறியியல் படித்த பையன், தொடர்ந்து நான்கு ஒப்படைப்புகளைத் தரவில்லை. பல்கலைக்கழகம் முறைப்படி உதவி வேண்டுமா என்று மின்னஞ்சல் அனுப்பியது. அவன் 'இட்ஸ் ஓக்கே' என்று பதில் போட்டான். கோப்பில், 'மாணவர் உதவியை மறுத்தார்' என்று ஏறிவிட்டது. நானும் அதோடு விட்டிருப்பேன். சுகந்தி அவனை உணவகத்தில் பிடித்து உட்காரவைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். "ஒருக்கா கேட்டன், ஓக்கே எண்டவன். ரெண்டாந்தரம் கேட்டன், பரவாயில்லை அக்கா எண்டவன். மூண்டாந்தரம் கேக்கேக்க சட்டைக்கையை உயர்த்திக் காட்டினவன் அண்ணை." தோளிலிருந்து முழங்கை வரை பெல்ட் அடி. முதல் பருவத்தில் ஒரு பாடம் தவறியதற்கு அப்பா கொடுத்தது. மடிக்கணினியைச் சுத்தியலால் உடைத்ததும் அவர்தான். ஒப்படைப்புகளைப் பையன் எதில் எழுதுவான்?

அன்று மாலையே சுகந்தி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். நான் கூடப் போனது அவரைத் தடுப்பதற்காக. தடுக்க முடியவில்லை. அந்த அப்பா நன்றாக உடுத்தியிருந்தார், நன்றாகப் பேசினார். பிள்ளையின் நன்மைக்காகத்தான் என்றார். சுகந்தி அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கார்க் கதவோடு சேர்த்து அழுத்தினார். "என்ர அப்பாவும் அடிச்சவர்தான். ஷெல்லும் அடிச்சதுதான். படிக்கவைச்சது ரெண்டும் இல்லை. இனிக் கை வைச்சா உங்கட கை இருக்காது" என்றார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தோட்டக்குழாயைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது. பையன் அடுத்த வாரமே சித்தப்பா வீட்டுக்குப் போனான். அந்த அப்பா எங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். புகாரை வாங்கி வைத்தது நான்.

அதன் பிறகுதான் அவர் அந்த விதியைப் போட்டார். யாரிடமும் மூன்று முறை கேட்காமல் திரும்பி வரக்கூடாது. நமக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் காபி சாப்பிடுகிறீர்களா என்றால் நாம் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கேட்டவுடன் சரி என்பது பறக்காவெட்டித்தனம். வீட்டுக்காரரும் அதை நம்பி உட்கார்ந்துவிட மாட்டார். மறுபடி கேட்பார், மூன்றாம் முறை கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிடுவார். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது வீட்டிலேயே படிந்துவிடுகிறது. பல்கலைக்கழகமோ ஒரே ஒரு முறை கேட்கிறது. நம் பிள்ளை மரியாதைக்காக வேண்டாம் என்கிறது. கதவு சாத்திவிடுகிறது. இது எனக்கும் தெரிந்த விஷயம். பதினெட்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கிறேன், மதுரையில் பிறந்தவன். எனக்குத் தோன்றாதது சுகந்திக்குத் தோன்றியது.

துறைத் தலைவர்களின் கூட்டத்துக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். வெள்ளைப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளியைத் திரையில் இரண்டு கட்டங்களாகப் போட்டுக் காட்டினார்கள். ஒரு துறைத் தலைவர், நல்ல மனிதர்தான், வருத்தத்தோடு சொன்னார்: உதவியை நீட்டுகிறோம், இந்த மாணவர்கள் எடுத்துக்கொள்ள மறுக்கிறார்களே. சுகந்தி எழுந்து, எனக்கு ஒரு தேநீர் தரச் சொல்லுங்கள் என்றார். அவரும் சிரித்தபடி கெண்டியை எடுத்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். சுகந்தி, வேண்டாம், பரவாயில்லை என்றார். அவர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இப்படித்தான் எங்கள் பிள்ளைகளை விழவைத்தீர்கள்" என்று சுகந்தி ஆங்கிலத்தில் கத்தி மேசையில் ஓங்கி அடித்தார். கெண்டி உருண்டது. கொதிக்கும் தேநீர் அந்த மனிதரின் மடியில் கொட்டியது. அவர் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து கண்ணாடிக் கதவில் மோத, கதவு விரிசல் விட்டது.  உடனே சுகந்தி, செவிலியர் படிப்பை மறக்காமல், குளிர்ந்த நீரை ஊற்றச் சொன்னார்.

இதற்காகச் சுகந்திக்குப் போன எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். போடாவிட்டால் திட்டமே நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அதை என் முன்னாலேயே நாலாகக் கிழித்து என் மேசையில் வைத்தார். "நீங்கள் நல்ல மனுசன் அண்ணை. அதுதான் உங்கட வருத்தம்" என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். என் மனக்கஷ்டம் இவருக்குப் புரிகிறதே என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து ரமணனிடம் பேசும்போதுதான், அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய் என்று தெரிந்தது. சுகந்தியிடம் போய்க் கேட்டேன். "ஓம், நோய்தான் சொன்னனான். மருந்து எடுங்கோ" என்றார்.

துறைத் தலைவர் புகார் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவத்தில் அவருடைய துறை சறுக்குகிற மாணவர்களை மூன்று முறை கேட்டது. மூன்றாம் முறை மின்னஞ்சல் அனுப்பாமல் ஆளையே அனுப்பினார்கள். கதவின் விரிசல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி அந்தப் புதன்கிழமை. ஆரணி என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, சுகந்தியின் பொறுப்பில் இருந்தவள். இரண்டு பாடங்களில் தவறியதால், உன்னை ஏன் நீக்கக்கூடாது என்று காரணம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. கல்வி முன்னேற்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீக்கிவிடுவார்கள். அன்று மதியம் முழுக்க சுகந்தி அவளோடு நூலகத்தில் இருந்தார். மூன்றரை மணிக்கு இருவரும் கிளம்பும்போது வாசலில் பார்த்தேன். கார்ச் சாவி என் கையில் இருந்தது. "வீட்டுல விட்டுடட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணை, பரவாயில்லை. உங்களுக்குச் சுத்து. நாங்கள் ரெயில்ல போறம்" என்றார். நான் சரி என்றேன். என் வீடு டார்னெய்ட்டில், மேற்கே. அவர்கள் இருவர் வீடும் கிரான்பர்னில், தென்கிழக்கே. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ரயிலில் இரண்டு ஆண்கள், இருபதுகளில் இருப்பவர்கள், ஆரணிக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வந்த இடத்துக்கே போ என்றார்கள். பிறகு ஒருவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். சுகந்தி தன் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியால் அவன் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்து ரத்தம் வந்தது. ரயில் பெட்டியில் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிலையத்தில் பெண்கள் இருவரும் இறங்க, அவர்களும் இறங்கினார்கள். மேடையின் கோடியில் முதல் குத்து சுகந்தியின் தாடையில் விழுந்தது. அவர் விழவில்லை, திருப்பி அடித்தார். இரண்டாவது குத்தில் விழுந்தார், பின்மண்டை சிமெண்டு விளிம்பில் பட்டது. விழுந்த பிறகும் இரண்டு உதை. இதெல்லாம் கண்காணிப்புக் கேமராவில் இருக்கிறது. காவல்துறையில் பார்த்துவிட்டு வந்த ரமணன் எனக்குச் சொன்னது. "கடைசியில அந்தப் பிள்ளையைக் காணேல்லை அண்ணை" என்றும் சொன்னார். உதவிக்கு ஆள் கூப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். எடுக்கக்கூடாது என்று ரமணன் ஓடினார். அக்காவின் இடது தோளில் ஷெல் துண்டு ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. காந்தம் அதை உள்ளிருந்து கிழித்துவிடும். இளம் மருத்துவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத் தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றார் என்று ரமணன் சொன்னார். இத்தனைக்கும் தப்பி வந்த பெண்ணை ஒரு ரயில் மேடையில் கொன்றார்கள். இதை எப்படி எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்தில், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரியவர் தாழ்ந்த குரலில், "முதல்ல அடிச்சது அவதானே. பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை?" என்றார். ஆமாம், முதலில் அடித்தது சுகந்திதான். அதை மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. நான் அந்த மனிதரின் கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சுருட்டி அவர் முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தேன். பிடித்த பிறகுதான் அது என் கை என்று தெரிந்தது. ரமணன் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அங்கே இருந்தவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெரியவரிடம் கேட்கவில்லை.

ஆரணியின் விசாரணை அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. சுகந்தி போயிருக்க வேண்டிய இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். குழுவில் மூன்று பேர். தலைவி நரைத்த முடியுள்ள, கனிவான பெண்மணி. ஆரணி எழுத்தில் ஒன்றும் தந்திருக்கவில்லை. "எங்களிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று தலைவி கேட்டார். "நோ, இட்ஸ் ஓக்கே" என்றாள். தலைவி பேனாவை எடுத்தார். தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார். "ரியலி, ஐம் ஃபைன்" என்றாள். மேசையில் பெரிய சத்தம் கேட்டது. என் உள்ளங்கை எரிந்தது. தண்ணீர்க் குவளைகள் ஆடிக்கொண்டிருந்தன. "ஆரணி, என்னம்மா ஆச்சு? சொல்லு" என்று தமிழில் கத்தினேன்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் ஓடிட்டன் அங்கிள். அக்கா ரன் எண்டு சொன்னவா, நான் நோ எண்டன். திரும்பச் சொன்னவா, நோ அக்கா எண்டன். மூண்டாந்தரம் என்னைப் பிடிச்சுத் தள்ளிப்போட்டு, ஓடடி எண்டு கத்தினவா. நான் ஓடிட்டன். கார் பார்க்குக்குள்ள ஒளிச்சு இருந்தனான். ட்ரிபிள் ஸீரோகூட அடிக்கேல்லை. போன் கையில இருந்தது." அவசர எண்ணை அழைக்காமல், கையில் கைப்பேசியோடு அவள் ஒளிந்திருந்திருக்கிறாள். மேடையில் சுகந்தி தனியாகக் கிடந்திருக்கிறார். எனக்கு அந்தப் பெண்ணை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை தூக்கப் பார்த்தது. அதை மற்றொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது. தலைவி, என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். நானே மொழிபெயர்த்தேன். என் வாயால், ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியமாக. சுகந்தி அவளை ஓடச் சொன்னார், அவள் இரண்டு முறை மறுத்தாள் என்று சொல்லும்போதுதான் அது எனக்கே காதில் விழுந்தது. அடி விழுந்துகொண்டிருந்த நேரத்திலும் சுகந்தி மூன்று முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறை மறுத்துவிட்டுத்தான் இவள் போயிருக்கிறாள். தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு அவசரமில்லை என்று ஆரணியிடம் சொன்னார். அவள் நாற்பது நிமிடம் பேசினாள். ஆய்வுக்கூடத்தில் குழு பிரிக்கும்போதெல்லாம் தன்னை யாரும் சேர்த்துக்கொள்ளாததை, தான் செய்த சோதனையைத் தன் பெயரில்லாமல் மற்றவர்கள் கொடுத்ததை, தவறியது அந்த இரண்டு பாடங்களில்தான் என்பதை. அன்று நூலகத்தில் சுகந்தி மூன்றாம் முறை கேட்டு அவளிடமிருந்து வாங்கியது இதைத்தான். அக்காவை விட்டு ஓடிய பிறகு அதைக் குழுவிடம் சொன்னால் செத்தவரைச் சாட்சிக்கு இழுத்த மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். குழு அவளை நீக்கவில்லை. அந்த இரண்டு பாடங்களையும் திரும்ப எடுக்கலாம் என்றார்கள்.

வெளியே தாழ்வாரத்தில், "என்னில கோவமா அங்கிள்?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை. "போலீஸ்ல சொல்ல வேண்டியதையும் சொல்லணும். நான் கூட வர்றேன்" என்றேன். தலையாட்டினாள். "சரி அங்கிள், நான் பஸ்ஸில போயிட்டு வாறன்" என்று பையைத் தோளில் மாட்டினாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் ரயிலில் ஏறவே இல்லை. மூன்று பேருந்து மாறித்தான் கிரான்பர்ன் போய்க்கொண்டிருந்தாள்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு போய், வாசலில் நின்ற என் காரின் பின்சீட்டில் எறிந்தேன். கதவைத் திறந்து, "ஏறு" என்றேன். "வேண்டாம் அங்கிள், உங்களுக்கு..." என்று தொடங்கினாள். "வாயை மூடிட்டு ஏறு" என்றேன். தாழ்வாரத்தில் நின்ற இரண்டு பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வழி முழுக்க அழுதாள். நானும் ஆறுதல் சொல்லவில்லை, வண்டியை ஓட்டினேன். நான் நல்ல மனிதன் என்று பெயரெடுத்தவன். யாருக்கும் தொந்தரவு தராதவன், கேட்டதற்கு மேல் கேட்காதவன். சுகந்தியிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்த மரியாதைகெட்டத்தனம் ஒன்றைத்தான். அந்தப் புதன்கிழமைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.